சர்ப்பத்தை உடைத்தவனின் பொக்கிஷசாலை

விக்கிரகம் என்ற பேச்சு எழுந்தாலே எங்கள் சபைகளில் கை தெருப்பக்கம்தான் நீளும். பக்கத்து வீட்டுப் பிரசாதத்தை வாங்கலாமா, புது வண்டிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கலாமா, கல்யாணத்துக்கு நாள் பார்க்கலாமா என்று ஒரு பட்டியல் ஓய்வுநாள் பள்ளியிலேயே மனப்பாடமாகிவிடும். பட்டியலில் உள்ளதையெல்லாம் தவிர்த்துவிட்டவனுக்குப் பரிசுத்தம் பத்திரமாக இருக்கிறது என்ற நிம்மதி வந்துவிடுகிறது. கொலோசெயர் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் பவுல் பொருளாசையையும் விக்கிரக ஆராதனைக் கணக்கில்தான் எழுதுகிறார். அந்த வசனத்தை மட்டும் நாங்கள் கொஞ்சம் வேகமாக வாசிப்போம்.

வேதத்தில் என்னை அதிகம் உறுத்துகிற விக்கிரகம் பாகால் அல்ல. கர்த்தர் சொல்லி மோசே செய்த வெண்கலச் சர்ப்பம். வனாந்தரத்தில் பாம்பு கடித்துச் செத்துக்கொண்டிருந்த ஜனங்கள் அதை நோக்கிப் பார்த்துப் பிழைத்தார்கள் என்கிறது எண்ணாகமம் 21. பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை. பல நூற்றாண்டு கழித்து, 2 இராஜாக்கள் 18-இல் ஒரே ஒரு வசனத்தில் திரும்ப வருகிறது. இஸ்ரவேலர் அந்நாள்வரை அதற்குத் தூபம் காட்டி வந்தார்களாம். எசேக்கியா ராஜா அதை உடைத்துப் போட்டான்.

அவனுக்கு முன்னால் நல்ல ராஜாக்களே இல்லாமலில்லை. ஆசா, ராஜாத்தியாக இருந்த தன் தாய் மாகாளின் விக்கிரகத்தையே கீதரோன் ஆற்றண்டை சுட்டெரித்தவன். யோசபாத்தும் பக்திமான் என்று பேர் வாங்கியவன். இவர்கள் கையெல்லாம் படாமல் அந்தச் சர்ப்பம் பிழைத்து வந்திருக்கிறது. ஏன் என்று வேதம் சொல்லவில்லை. எனக்குத் தோன்றுவது இதுதான்: பாகாலை உடைத்தால் ஊர் மெச்சும், மோசேயின் கைவேலையை உடைத்தால் ஊர் சும்மா இருக்குமா? நம் பாட்டன் பூட்டனைப் பிழைக்க வைத்ததல்லவா என்று கேட்கமாட்டார்களா? இதைக் கும்பிடுவோம் என்று யாரும் கூடிப் பேசி முடிவெடுத்திருக்க மாட்டார்கள். நன்றியோடு பார்த்தார்கள், பத்திரப்படுத்தினார்கள், என்றோ ஒருநாள் யாரோ ஒருவர் தூபம் காட்டினார், அடுத்த தலைமுறைக்கு அது வழக்கம்.

நம்மிடமும் இப்படிச் சில உண்டு. டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் தட்டில் வாக்குத்தத்த அட்டை வரும். கண்டிப்பான வசனமாக வந்துவிட்டால் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு இன்னொன்றை எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆசீர்வாதமான வசனம் வந்தால் அது லேமினேஷன் ஆகிக் கல்லாப்பெட்டிக்குள் போய்விடும். ஜெபித்துக் கொடுத்த எண்ணெய் பாட்டில் தீரத் தீரத் தேங்காய் எண்ணெயை ஊற்றி நிரப்புகிற வீடுகளும் உண்டு. இவையெல்லாம் சின்ன விஷயங்கள், சிரித்துவிட்டுப் போகலாம். எசேக்கியாவின் கதை இங்கே முடிந்துவிடாததுதான் சிக்கல்.

சர்ப்பத்தை உடைத்த அதே மனிதன் வியாதியில் சாகக் கிடந்து, பதினைந்து வருஷம் ஆயுசு கூட்டித் தரப்பட்டு எழும்பினான். நலம் விசாரிக்கப் பாபிலோனிலிருந்து ஆள் வந்தது. வந்தவர்களை எங்கே கூட்டிக்கொண்டு போனான்? தன் பொக்கிஷசாலைக்கு. வெள்ளி, பொன், கந்தவர்க்கம், பரிமளதைலம், ஆயுதசாலை என்று ஒன்றுவிடாமல் காட்டினான். பிறகு ஏசாயா வந்து, உன் வீட்டில் என்னத்தைப் பார்த்தார்கள் என்று கேட்டார். தீர்க்கதரிசிக்குத் தெரியாமலா கேட்டிருப்பார்? காட்டாதது ஒன்றுமில்லை என்று ராஜாவே தன் வாயால் சொன்னான். பெருமையாகத்தான் சொல்லியிருப்பான்.

இதைப் படித்ததிலிருந்து, விருந்தாளியாகப் போகிற வீடுகளில் முதல் பத்து நிமிஷத்தில் என்ன காட்டுகிறார்கள் என்று கவனிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் பட்டமளிப்பு விழாப் படம். அப்புறம் மாடியில் புதிதாக எடுத்த அறை. எங்கள் வீட்டுக் கூடத்தில் என் மகனின் பட்டமளிப்புப் படமும், உபதேசியாராக இருந்த என் தாத்தாவின் படமும் ஒரே சுவரில் தொங்குகின்றன. வருபவர்களை நான் எந்தப் படத்தருகே நிறுத்துவேன் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு விக்கிரகத்தை உடைத்த கைக்கு இன்னொன்று தட்டுப்படாமல் போவது ராஜாக்களோடு நின்றுவிடவில்லை. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாரை எடுத்துக்கொள்ளுங்கள். மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர், பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். கிறிஸ்தவர்களிடையே ஒட்டிக்கொண்டிருந்த மூடநம்பிக்கைகளைச் சாடிச் சாஸ்திரக்கும்மி எழுதினார். அதே சாஸ்திரியார்தான் சபைக்குள் சாதி வழக்கத்தைத் திருத்த வந்தவர்களை எதிர்த்து 1829-இல் எழுதினார். அவரைக் கபடர் என்று நான் நினைக்கவில்லை. சகுனம் அவருக்கு விக்கிரகமாகத் தெரிந்தது, சாதி ஊர் மரியாதையாகத் தெரிந்தது. இது எங்கள் பக்கத்துக் குறை மட்டுமல்ல. வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலை, பீடத்தில் போய்ச் சேருகிற இரண்டு கால்களைப் போலக் கட்டி, சாதிக்கொரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். நடுவே இருந்த தடுப்பு 1910-இல் இடிக்கப்பட்டபோது, அது திரும்ப வேண்டும் என்று நீதிமன்றப் படியேறினார்கள்.

அதனால் பரிசுத்தத்தைக் காத்துக்கொள்வது தனி ஆளாகக் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற வேலை என்று எனக்குத் தோன்றவில்லை. அது அவரவர் செய்யவேண்டியதுதான். ஆனால் என் வீட்டில் நின்று கேள்வி கேட்கிற உரிமை யாராவது ஒருவருக்கு இருக்கவேண்டும். எங்கள் குடும்பத்தில் அந்த உரிமையைப் பெரியக்கா தானே எடுத்துக்கொண்டாள். அவள் வருகிறாள் என்றால் பாதிப் பேருக்கு முகம் சுருங்கும்.

போன வருஷம் தம்பி மகளுக்கு வரன் தேடினோம். பத்திரிகையில் கொடுக்கவேண்டிய வாசகத்தைத் தம்பி எழுதி வைத்திருந்தான். இரட்சிக்கப்பட்ட, தேவபயமுள்ள மணமகன் தேவை என்று தொடங்கி, சி.எஸ்.ஐ. என்று போட்டு, அதையொட்டி சாதிப்பேர். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள்.

“ஏல, சி.எஸ்.ஐ.ன்னு போட்டாச்சுல்லா? அதுக்குப் பொறவு இது எதுக்கு?”

“எல்லாரும் போடுறதுதானே அக்கா. தெரிஞ்ச எடமா வரணும்லா?”

“அப்ப இரட்சிக்கப்பட்டங்கிறத எடுத்துரு. எடம் மிச்சம்.”

இரண்டு நாள் வீட்டில் வாக்குவாதம். கடைசியில் சாதிப்பேரை எடுத்துவிட்டே கொடுத்தோம். எதிர்பார்த்ததில் பாதி அழைப்புகூட வரவில்லை, வந்தவர்களிலும் சிலர், “நீங்க எந்த ஆளுங்க?” என்று கேட்டுக்கொண்டுதான் மேற்கொண்டு பேசினார்கள். அக்காவுக்கு இதில் வருத்தமே இல்லை. தம்பி மனைவி அவளிடம் இப்போதும் சரியாகப் பேசுவதில்லை.