யாருமற்றவர்களுக்கும் ஒரு கை எள்ளும் தண்ணீரும்

2023 ஜூன் 2 மாலை, ஒடிசாவின் பாஹாநகா பஜார் நிலையத்தில் என்ன நடந்தது என்பது நினைவிருக்கும். சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் நேர்ப்பாதையை விட்டுக் கிளைப்பாதைக்குள் புகுந்து, அங்கே இரும்புத்தாது ஏற்றி நின்ற சரக்கு ரயிலில் மோதியது. தடம்புரண்ட பெட்டிகள், பக்கத்துப் பாதையில் ஹவுராவுக்குப் போன ரயிலின் கடைசிப் பெட்டிகளையும் கவிழ்த்தன. மாண்டவர்கள் 290 பேருக்கும் மேல். அவர்களில் 28 பேரின் உடல்கள் புவனேஸ்வரத்தில் நான்கு மாதம் காத்திருந்தன. உரியவர் யாரென்று தெரியாமலே போயிற்று. அக்டோபரில் மாநகராட்சி தகனம் செய்தது. தன்னார்வலர்களான பெண்கள் சிலர் முன்வந்து கொள்ளி வைத்தார்கள். வாரிசு உரிமை எங்கே என்று கேட்காத அந்தக் கைகளை வணங்க வேண்டும். ‘முன்பின் அறியாத நாம் நினைத்து அவர்களுக்கு என்ன ஆகப்போகிறது?’ என்று கேட்பவர்கள், தர்ப்பணத்தின் முடிவைக் கவனிக்கட்டும். சொந்த முன்னோர்க்கெல்லாம் நீர் விட்ட பிறகு, தர்ப்பைப் புல் முடிச்சான கூர்ச்சத்தைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு, தாய் தந்தை, சுற்றம், நண்பர் என்று யாருமே இல்லாதவர்களுக்காகவும் எள்ளும் தண்ணீரும் விடுகிறோம். அவர்களை விட்டுவிட்டு நம் பித்ரு கடன் முடிவதில்லை.

‘எல்லாம் விதி; நினைத்து அழுது என்ன பயன்?’ என்பார்கள் இன்னும் சிலர். ஊழுக்கு ஓர் அதிகாரம் வைத்த வள்ளுவரே பொச்சாவாமைக்கும், அதாவது மறந்தும் அசட்டையாக இராமைக்கும், ஓர் அதிகாரம் வைத்தார். ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை சொல்வதைக் கேளுங்கள். சிக்னல் கம்பிகள் தவறாக இணைக்கப்பட்டிருந்தன. பாதை கிளைக்குத் திரும்பியிருக்க, விளக்கு நேர்ப்பாதைக்குப் பச்சை காட்டியது. இதைவிட நெஞ்சைச் சுடுவது வேறொன்று. 2022 மே 16 அன்றே, அதே கரக்பூர் கோட்டத்தின் வேறொரு நிலையத்தில் இதே மாதிரியான இணைப்புத் தவறு நேர்ந்திருந்தது. அப்போதே சரியான நடவடிக்கை எடுத்திருந்தால் பாஹாநகா விபத்து நடந்திருக்காது என்று அந்த அறிக்கையே எழுதுகிறது. ஓராண்டுக்கு முன் கிடைத்த எச்சரிக்கையை மறந்ததை விதி என்று எப்படிச் சொல்வது? அது மனிதர் செய்த வினை. விதி என்று சொல்லி ஆறுவது பறிகொடுத்தவருக்கு வேண்டுமானால் மருந்தாகலாம். பொறுப்பில் இருப்பவர் அதையே சொன்னால் பாவம் இரட்டிப்பாகும்.

ஆகவே, அடுத்த அமாவாசையில் அந்தக் கடைசி நீரை விடும்போது இந்த 28 பேரையும் மனத்தில் வையுங்கள். தர்ப்பணம் வழக்கமில்லாத வீடுகளில் ஜூன் 2 அன்று ஒரு விளக்கேற்றி, பசித்த ஒருவருக்குச் சோறு போடுங்கள். பிறர் உயிர் தங்கியிருக்கும் வேலையில் இருப்பவர்கள், நேற்று நடந்த சிறு பிழையை இன்றே எழுதிவைத்துத் திருத்துங்கள்.