காவலின் விலை

வலிப்பு நோய்க்கும் முகநரம்பு வலிக்கும் உலகெங்கும் தரப்படும் மாத்திரை கார்பமசெபின். பெரும்பாலோர் அதை ஆண்டுக்கணக்கில் விழுங்கி நலமாக இருக்கிறார்கள். மிகச் சிலருக்கு மட்டும், தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சல் அடிக்கிறது. கண் எரிகிறது, வாயெல்லாம் புண்ணாகிறது, பிறகு தோல் வெந்நீர் கொட்டியதுபோல் உரிகிறது. 1922இல் இதை விவரித்த இரு மருத்துவர்களின் பெயரால் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் என்கிறார்கள். உடல்தோலில் 30 சதவீதத்துக்கு மேல் உரியும் கடும் நிலையில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் பிழைப்பதில்லை.

மருந்துதான் தோலைப் பொசுக்கிவிட்டது என்று உறவினர்கள் அழுவார்கள். பொசுக்கியது நம் வெள்ளணுக்களே. வைரஸ் புகுந்த செல்லைத் தேடி அழிக்கும் டி செல்கள் அவை. ஒவ்வொரு செல்லும் தன்னுள் இருக்கும் புரதத் துணுக்குகளை எச்எல்ஏ என்னும் மூலக்கூறில் ஏந்தி வெளியே காட்டுகிறது. சிலருடைய எச்எல்ஏவில் மருந்து போய் ஒட்டிக்கொள்கிறது. அதைப் பார்த்த டி செல், அந்நியம் புகுந்துவிட்டதென்று முடிவுகட்டி கிரானுலைசின் என்ற கொல்லும் புரதத்தைப் பொழிகிறது. கொப்புள நீரில் அது மண்டிக்கிடப்பதைத் தைவான் ஆய்வாளர்கள் 2008இல் காட்டினார்கள்.

என்னை உலுக்குவது, அந்தச் செல் கடமை தவறவே இல்லை என்பதுதான். சிறு வயது முதல் எத்தனையோ காய்ச்சல்களிலிருந்து நம்மைக் கரையேற்றிய அதே வேகம், அதே உறுதி. கொல்லத் தெரியாத காவலால் யாரையும் காக்க முடியாது. ஆகவே காக்கப்படும் ஒவ்வோர் உடலும் தன்னை அழிக்கும் வல்லமையையும் சேர்த்தே சுமக்கிறது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு வாழ முடியாது. எதன் முன்னால் அது சீறும் என்பதை முன்கூட்டி அறியலாம்.

தைவானில் அறிந்தார்கள். கார்பமசெபினால் இந்நோய் கண்ட 44 பேரைச் சோதித்தபோது, ஒருவர் விடாமல் அத்தனை பேரிடமும் எச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வகை இருந்தது. 2004இல் அது வெளியானது. அடுத்து, மாத்திரை தொடங்கும் முன்பே 4,877 பேரின் ரத்தத்தைச் சோதித்து, அந்த வகை இருந்தவர்களுக்கு வேறு மருந்து தரச் செய்தார்கள். 2011இல் முடிவு வந்தது. பழைய கணக்குப்படி சுமார் பத்துப் பேருக்கு நோய் வந்திருக்க வேண்டும், ஒருவருக்கும் வரவில்லை.

இந்த மரபணு வகை இந்தியர்களிலும் சிலரிடம் உண்டு. கார்பமசெபின் எழுதித்தரும் மருத்துவரிடம் இந்தச் சோதனை பற்றிக் கேளுங்கள். புது மாத்திரை தொடங்கிய வாரங்களில் காய்ச்சலும் வாய்ப்புண்ணும் தோல் தடிப்பும் சேர்ந்து வந்தால், மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.