காசு கொடுத்தவருக்கே பூட்டு

திருட்டு நகலைத் தடுக்க ஓர் இசை நிறுவனம் எதுவரை போகலாம்? 2005-ஆம் ஆண்டில் சோனி பிஎம்ஜி இதற்குச் செயலில் ஒரு பதில் சொன்னது. வாங்கியவரின் கணினிக்குள், அவருக்கே தெரியாமல் போய் உட்காரலாம் என்பதுதான் அந்தப் பதில்.

அந்த ஆண்டு அக்டோபர் 31 அன்று மார்க் ருசினோவிச் என்ற அமெரிக்க மென்பொருள் வல்லுநர் தன் கணினியில் கண்டதை வெளியிட்டார். வான் ஸான்ட் சகோதரர்களின் இசை சிடி ஒன்றை அவர் முறையாக விலைக்கு வாங்கியிருந்தார். அதைக் கணினியில் போட்டுக் கேட்டதில் எக்ஸ்சிபி என்ற நிரலும் சேர்ந்து உள்ளே இறங்கியிருந்தது. ஃபர்ஸ்ட் 4 இன்டர்நெட் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் எழுதிக் கொடுத்த நிரல் அது. பெயரின் தொடக்கத்தில் ஒரு குறிப்பிட்ட எழுத்துக்கோவை இருந்தால் போதும், அந்தக் கோப்பு விண்டோஸின் கண்ணுக்கே படாதபடி அது மறைத்துவிடும். கணினிக்குள் புகுந்து வேவு பார்ப்பவர்கள் தடயத்தை மறைக்கக் கையாளும் இந்த உத்திக்கு ரூட்கிட் என்று பெயர். திரையில் காட்டிச் சம்மதம் வாங்கிய ஒப்பந்தத்தில் இந்த ஒளிவுமறைவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நீக்க வழியும் வைக்கவில்லை. சில நாட்களிலேயே வைரஸ் எழுதுபவர்கள் அதே எழுத்துக்கோவையைத் தங்கள் கோப்புகளின் பெயருக்கு முன்னால் ஒட்டி, அந்த மறைவில் பதுங்கிக்கொண்டார்கள். நீக்குவதற்கென்று நிறுவனம் பிறகு அவசரமாகக் கொடுத்த கருவி புதிதாக ஓர் ஓட்டையைத் திறந்துவிடுகிறது என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் எட் ஃபெல்டனும் அலெக்ஸ் ஹால்டர்மனும் காட்டினார்கள்.

பீரோவைக் கொண்டுவந்து இறக்கும் சாக்கில் கடைக்காரர் பரணில் ஓர் ஆளை உட்காரவைத்துவிட்டுப் போனால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது இது. செயலைவிட மோசமாக இருந்தது அதற்குச் சொன்ன சமாதானம். ரூட்கிட் என்றால் என்னவென்றே பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது, அப்படியிருக்க அவர்கள் ஏன் கவலைப்பட வேண்டும் என்ற பொருள்பட அந்த நிறுவனத்தின் டிஜிட்டல் பிரிவுத் தலைவர் தாமஸ் ஹெஸ்ஸே அமெரிக்க வானொலியில் பேசினார். தெரியாதவரிடம் விற்கிறவருக்குத்தான் கடமை கூடுதல். மருந்துக் கடை முதல் நகைக் கடை வரை வணிக அறம் நிற்பதே இந்த எதிர்பார்ப்பின் மேல்தான். வாங்குபவரின் அறியாமையைச் சம்மதமாக எழுதிக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை.

இசை நிறுவனங்களின் தரப்பில் நியாயமே இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. 1982-இல் சிடி சந்தைக்கு வந்தபோது, வீட்டுக்கு வீடு கணினி வந்து நகலெடுக்கும் காலம் ஒன்று வரும் என்று எண்ணி அதை யாரும் வடிவமைக்கவில்லை. அதில் பூட்டே கிடையாது. 1999-இல் நாப்ஸ்டர் என்ற கோப்புப் பகிர்வுச் சேவை வந்த பிறகு, ஒருவர் வாங்கிய பாட்டு ஒரே இரவில் ஊருக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. பாடகர், வாத்தியக்காரர், ஒலிப்பதிவுப் பொறியாளர் என்று பலருடைய கூலி அந்த விற்பனையில் இருந்துதான் வந்தாக வேண்டும். தன் பொருளைக் காத்துக்கொள்ள உரியவருக்கு உரிமை உண்டு. இந்த சிடியை ஐபாடில் ஏற்ற முடியாது, கணினியில் இன்ன நிரலை இது நிறுவும் என்று உறையில் தெளிவாக அச்சிட்டிருந்தால் அது பேரம். பிடித்தவர் வாங்குவார், பிடிக்காதவர் வைத்துவிட்டுப் போவார். உறையில் இருந்ததோ பாதுகாக்கப்பட்டது என்ற அளவிலான பொத்தாம்பொதுவான அறிவிப்புதான்.

அந்தப் பூட்டு யார் மேல் விழுந்தது என்பதையும் பார்க்க வேண்டும். இலவசமாக இறக்கிக்கொள்கிறவர் சிடியைத் தொடுவதே இல்லை. பூட்டில்லாத நகல் ஒன்று இணையத்தில் இருந்தால் அவருக்குப் போதும், அதில் ரூட்கிட்டும் கிடையாது. ரூட்கிட் ஏறியது காசு கொடுத்தவரின் கணினியில் மட்டும். பூட்டும் உறுதியானது அல்ல. இதே நிறுவனம் பயன்படுத்திய மீடியாமேக்ஸ் என்ற இன்னொரு பாதுகாப்பு நிரலை, சிடியைப் போடும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தாலே முடக்கிவிடலாம் என்று 2003-இலேயே ஹால்டர்மன் எழுதியிருந்தார். அதை உருவாக்கிய சன்காம் அவர்மேல் வழக்குத் தொடுப்பதாக மிரட்டி, மறுநாளே பின்வாங்கியது வேறு கதை. திருடனைத் தடுக்காத பூட்டுக்கு மிஞ்சும் பயன் ஒன்றுதான்: நேர்மையாக வாங்கியவர் தன் பாட்டை எந்தக் கருவியில் கேட்கலாம் என்பதைக் கட்டுப்படுத்துவது. 2005 மார்ச்சில், குரோக்ஸ்டர் என்ற கோப்புப் பகிர்வு நிறுவனத்தின் மேலான வழக்கில், தான் வாங்கிய சிடியை ஒருவர் ஐபாடில் ஏற்றிக்கொள்வது முற்றிலும் சட்டப்படியானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலேயே இசைத் துறையின் வழக்கறிஞர் சொன்னார். அதே ஆண்டில் விற்ற எக்ஸ்சிபி சிடிகள் அதைத்தான் தடுத்தன.

இதில் கலைஞர்களின் சம்மதத்தையும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பாடகர் நீல் டயமண்டின் '12 சாங்ஸ்' ஆல்பம் அந்த நவம்பரில்தான் வந்தது. வந்த வேகத்திலேயே, நிறுவனம் திரும்பப் பெற்ற எக்ஸ்சிபி சிடிகளின் பட்டியலில் அதுவும் சேர்ந்தது. டெக்சாஸ் மாநிலம் நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டது. 2007-இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, கணினி பழுதானவர்களுக்கு 150 டாலர் வரை கொடுக்க நிறுவனம் ஒப்புக்கொண்டது.

நிறுவனமே இப்படி நடக்கும்போது நாம் இலவசமாக இறக்கிக்கொண்டால் என்ன தப்பு என்று அப்போது பலர் கேட்டார்கள். கோபம் நியாயமானது, முடிவு நியாயமானதல்ல. நிறுவனம் செய்த தவறு, பணத்தைத் திருப்பிக் கேட்கவும் வழக்குப் போடவும் இனி வாங்காமல் இருக்கவும் உரிமை தருகிறது. அந்தத் தவறில் பங்கில்லாத பாடகரின் கூலியை எடுத்துக்கொள்ள உரிமை தருவதில்லை. காசு கொடுத்து வாங்கிய சிடியைத் தன் ஐபாடில் கேட்பதற்காகப் பூட்டை உடைக்கிறவரின் நிலை வேறு. அவர் யாரிடம் இருந்தும் எதையும் எடுக்கவில்லை. ஆனாலும் 1998-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் பூட்டை உடைப்பதையே தனிக் குற்றமாகப் பார்க்கிறது. 2012-இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால்தான் குற்றம் என்கிறது. இந்த ஒரு விஷயத்தில் நம் சட்டம் அறத்துக்கு இன்னும் அருகில் நிற்கிறது.

சிடியே வேண்டாம், இணையக் கடையில் வாங்கிக்கொள்கிறோம் என்று போனவர்கள் ஏராளம். 2003-இல் தொடங்கிய ஐடியூன்ஸ் கடையில் அப்போது பாட்டு 99 சென்ட். அதிலும் பூட்டு இருந்தது, ஆனால் இத்தனை கணினிகளில்தான் கேட்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். ஒளிந்திருந்த பூட்டைவிட இது பல மடங்கு மேல். ஆனால் சொல்லிவிட்டுப் பூட்டினால் மட்டும் கணக்குத் தீர்ந்துவிடாது என்று 2008 காட்டியது. தன் எம்எஸ்என் மியூசிக் கடையில் விற்ற பாடல்களுக்கு ஆகஸ்ட் 31-க்குப் பிறகு புதிய கணினிகளில் சாவி தரமாட்டோம் என்று அந்த ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு காலக்கெடுவை 2011 இறுதி வரை நீட்டித்தார்கள். யாகூவும் அதே ஆண்டில் தன் இசைக் கடையை மூடியது. எல்லாவற்றையும் முறைப்படி செய்தவரின் பாட்டு அவருடைய பழைய கணினியோடு முடிந்துவிடும், திருட்டு எம்பி3 மட்டும் எங்கும் பாடும் என்ற நிலை வந்தது. 1985-இல் வாங்கிய சிடியை இன்றும் போட்டுக் கேட்கலாம், தம்பி மகனுக்குக் கொடுக்கலாம், பழைய சாமான் கடையில் விற்கலாம். வாங்கிய டிஜிட்டல் பாட்டை மறுவிற்பனை செய்ய ரீடிஜி என்ற நிறுவனம் எடுத்த முயற்சியை 2018-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஐடியூன்ஸை நடத்திய ஆப்பிளின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் 2007 பிப்ரவரியில் ஒரு கணக்கை வெளியிட்டார். முந்தைய ஆண்டில் இணையக் கடைகளில் பூட்டோடு விற்ற பாடல்கள் 200 கோடிக்கும் குறைவு, சிடிகளில் பூட்டில்லாமல் விற்றவை 2,000 கோடிக்கும் மேல். அதைச் சொன்னதில் அவருடைய வியாபார நலனும் இருந்தது, இருந்தாலும் கணக்கு தப்பாகிவிடாது. வாசலைத் திறந்து வைத்துவிட்டு ஜன்னலைப் பூட்டிக்கொண்டிருந்தது இசைத் துறை. 2007-இல் இஎம்ஐ என்ற இசை நிறுவனம் பூட்டை எடுத்தது. 2008 ஜனவரியில் சோனி பிஎம்ஜியும் வழிக்கு வந்தது, அடுத்த ஆண்டு ஐடியூன்ஸ் முழுவதுமே திறந்தது.

இன்று பெரும்பாலோர் மாதச் சந்தா கட்டிக் கேட்கிறார்கள். அது வெளிப்படையான வாடகை என்பதால், வாங்கியது பறிபோகிறது என்ற புகாருக்கு அங்கே இடமில்லை. சந்தா வேண்டாம், சொந்தமாக வேண்டும் என்பவருக்காகக் கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. கடைக்காரர் பின்னால் பறித்துக்கொள்ளக்கூடிய டிஜிட்டல் பொருளை, அது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லாமல், விற்பனை போல விளம்பரப்படுத்தக் கூடாது. நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொள்ளக்கூடிய கோப்புகளுக்கு அந்தச் சட்டம் விலக்கு அளிக்கிறது. உண்மையைச் சொல்லும்படி கடைக்காரரை அது கட்டாயப்படுத்துகிறதே தவிர, பறிக்கக் கூடாது என்று எங்கும் சொல்லவில்லை.