ஏன் கொடுத்தான் ஏகலைவன்?

துரோணரை நாம் ஏசியாயிற்று. வேண்டிய மட்டும் ஏசியாயிற்று. வேடன் மகன் என்று விரட்டினார், கற்றுத்தர மறுத்தார், மறுத்தவரே பின்னர்க் கற்றுத்தராத கல்விக்குக் கட்டைவிரலைக் கூலியாகக் கேட்டார் என்று மேடைதோறும் பேசினோம்; ஏடுதோறும் எழுதினோம். பேசியதிலே பிழையில்லை. எனினும் அந்தக் கதையிலே நாம் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. கேட்டவர் கேட்டார்; கொடுத்தவன் ஏன் கொடுத்தான்? மண்ணால் உருவம் செய்து நிறுத்தினான். அதன் முன்னே நின்று தன் கண்ணாலும் கையாலும் தானே பழகினான். மண்ணுருவம் வாய் திறந்து ஒரு சொல் சொன்னதா? வளைந்த அம்பை நிமிர்த்திக் கொடுத்ததா? இல்லை. அப்படியிருந்தும், ‘இது என் கலை’ என்று சொல்ல அவனுக்கு நா எழவில்லையே, ஏன்?

பழங்கதையை இப்போது கிளறுவானேன் என்று தோழர்கள் கேட்கக்கூடும். பழையதாகிப் போயிருந்தால் கிளறமாட்டோம். பல்கலைக் கழகத்து ஆராய்ச்சிக் கூடங்களிலே அது இன்றும் நடைபெறுகிறது. காடில்லை, வில்லில்லை, அவ்வளவுதான்.

‘ஆராய்ச்சி மாணவர்’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சற்று நின்று பார்த்தால் அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு மோதல் இருப்பது தெரியும். மாணவர் என்பவர் ஆசிரியர் அறிந்ததைத் தாமும் அறிந்துகொள்ள வந்தவர். ஆராய்ச்சி என்பதோ எவரும் அறியாத ஒன்றை, ஆசிரியரும் அறியாத ஒன்றைக் கண்டு சொல்வது! வானநூலாகட்டும், பொருள்நூலாகட்டும், மாந்தர் வாழ்வை ஆயும் நூலாகட்டும், உண்மையாக உழைப்பவருக்கு ஒருநாள் வந்தே தீரும்: தாம் கண்டது ஒன்று, ஆசான் கொண்டது வேறொன்று. அன்று அவர் யாருக்குக் கடமைப்பட்டவர்? கற்பித்தவருக்கா? கண்ணெதிரே நிற்கும் எண்ணுக்கா?

1925ஆம் ஆண்டு. அமெரிக்க நாட்டு ஹார்வர்டு வானாய்வுக் கூடத்திலே சிசிலியா பெய்ன் என்னும் 25 வயது நங்கை முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தார். இங்கிலாந்திலே பிறந்தவர், கேம்பிரிட்ஜிலே படித்தவர். படித்தாரேயன்றிப் பட்டம் பெறவில்லை. பெண்களுக்குப் பட்டமளிப்பதில்லை என்று 1948 வரை அடம்பிடித்த பல்கலைக் கழகம் அது. (நம்மை நாகரிகப்படுத்த வந்தோம் என்று சொல்லிக்கொண்ட நாட்டிலேதான்!) கடல் கடந்து வந்த அந்த நங்கை, விண்மீன் ஒளியைப் பிரித்துப் பதிந்துவைத்த கண்ணாடித் தகடுகளை எடுத்துக்கொண்டார். ஒளியைப் பிரித்தால் நிறமாலை, நிறமாலையிலே கருங்கோடுகள், ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கே உரிய கோடுகள். ஆயினும் கோடு அழுத்தமாக இருப்பதாலேயே அந்தப் பொருள் மிகுதியென்று சொல்லிவிட முடியாது. வெப்பம் ஏற ஏற அணுக்கள் தம் மின்னணுக்களை இழக்கும், கோடும் மாறும். வெப்பத்துக்கும் இந்த இழப்புக்கும் உள்ள உறவைச் சமன்பாடாக்கி 1920இலே உலகுக்கு அளித்தவர் யார் தெரியுமா? மேகநாத் சாகா! கிழக்கு வங்கத்துச் சிற்றூரிலே மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகன். கல்கத்தாவிலே படித்த காலத்திலே, விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் உடனமர்ந்து உண்ண உயர்சாதி மாணவர்கள் மறுத்தார்களே, அதே சாகா. பந்தியிலே இடமில்லை என்று ஒதுக்கப்பட்டவரின் கணக்கு, பட்டமில்லை என்று ஒதுக்கப்பட்டவரின் கையிலே வந்து சேர்ந்தது.

சேர்ந்ததும் வந்தது விடை. விண்மீன்களும் இம்மண்ணுலகைப் போலவே, ஏறத்தாழ இதே அளவிலே கலந்த பொருள்களால் ஆனவை என்பது அந்நாளைய அறிஞர் கொள்கை. பெய்னின் கணக்கோ, அங்கே உலோகங்களைக் காட்டிலும் ஹைட்ரஜன் பத்து லட்சம் மடங்கு மிகுதி என்றது. ஆய்வேடு பிரின்ஸ்டன் பேராசிரியர் ஹென்றி நாரிஸ் ரசலின் பார்வைக்குப் போயிற்று. அத்துறையிலே அவர் சொல்லே சட்டம். நடவாத காரியம் என்று எழுதிவிட்டார். பெய்னும் பணிந்தார். தாம் கண்ட அந்தப் பெருமிகுதி ஏறக்குறைய உறுதியாக உண்மையன்று என்ற கருத்தைத் தம் ஆய்வேட்டிலே தாமே எழுதிச் சேர்த்தார். விரல் விழுந்தது!

நான்கே ஆண்டுகள் கழிந்தன. 1929இலே ரசல் வேறு வழியாகச் சென்று அதே முடிவுக்கு வந்தார். பெய்னின் உழைப்பைத் தம் கட்டுரையிலே குறிப்பிடவும் செய்தார். அந்த நேர்மையை மறைக்க மாட்டோம். ஆனால் பெருமை நெடுங்காலம் பெரியவர் பக்கமே நின்றது. ஞாயிற்றின் எடையில் ஏறத்தாழ முக்காற்பங்கு ஹைட்ரஜன் என்று இன்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். முதுமையிலே தம் வரலாற்றை எழுதிய பெய்ன் ரசலை ஏசவில்லை. சரியென்று நம்பியதை அதிகாரத்துக்கு அஞ்சி விட்டுக்கொடுத்தது தம் குற்றமே என்று எழுதினார்.

அவர் அப்படிச் சொல்லலாம். நாம் சொல்லலாமா? பணிவு என்றாலே முகம் சுளிக்கும் கூட்டம் நாம். ‘எதிர்த்து நின்றிருக்க வேண்டும்’ என்று தீர்ப்பளிக்க நமக்கு நொடி போதும். ஆனால் நிலையை எண்ணிப் பாருங்கள். பிறந்த நாட்டிலே பட்டமில்லை. வந்த நாட்டிலே வேர் இல்லை. பெண்ணுக்கு வேலை என்பதே அரிது. ஒரு கையெழுத்திலே வாழ்வும் ஒரு கையெழுத்திலே தாழ்வும் இருக்கும்போது, வீரம் காட்டவில்லையே என்று எளியவரைக் கடிவது, கரையிலே நின்றுகொண்டு நீச்சல் சொல்லிக்கொடுக்கும் வேலை. ஏகலைவனுக்கும் இந்த நீதியை நாம் வழங்கியாக வேண்டும். அரசும் படையும் துரோணர் பக்கம், அவனோ தனியன்.

மேலும், பெய்ன் முற்றிலும் கொடுத்துவிடவில்லை. அட்டவணையிலே அந்த எண்ணை அழிக்காமல் விட்டுவைத்தார்! சொல்லிலே பணிந்தார், எண்ணிலே பணியவில்லை. பின்னால் வந்தவர்கள் ஏட்டைப் புரட்டியபோது மறுப்புரையும் இருந்தது, மறுக்கப்பட்ட எண்ணும் அங்கேயே இருந்தது. ஆராய்ச்சியாளர் எவருக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாத பொருள் ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்பது நம் கருத்து. பட்டத்துக்காக முடிவை அடக்கி வாசிக்க நேரலாம். அளந்ததை மாற்றினாலோ அவர் ஆராய்ச்சியாளரே அல்லர்.

எண்ணைத் திறந்து வைப்பதன் ஆற்றலை அண்மையிலே பொருளியல் துறையும் கண்டது. நாட்டின் கடன் அதன் ஓராண்டு உற்பத்தி மதிப்பில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும் என்னும் கருத்தை பேராசிரியர்கள் ரைன்ஹார்ட், ரோகாப் இருவரும் 2010இலே வெளியிட்டனர். அரசுச் செலவை வெட்டத் துடித்தவர்களுக்கு அது வேதவாக்காயிற்று. மாசசூசெட்ஸ் பல்கலைக் கழகத்திலே தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவருக்கு வகுப்புப் பயிற்சி ஒன்று: வெளிவந்த கட்டுரை எதையாவது எடுத்து அதன் கணக்கை மீண்டும் போட்டுக் காட்டுக. போட்டார், வரவில்லை. மீண்டும் போட்டார், வரவில்லை. மாணவரிடந்தான் பிழையிருக்கும் என்று அவருடைய ஆசிரியர்களும் முதலில் எண்ணினர். கட்டுரையாசிரியர்களிடமே மூலக் கணக்குத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், கணினிக் கட்டத்திலே ஐந்து நாடுகள் கூட்டலில் சேராமலே விடுபட்டிருந்தன! வேறு சில குறைகளும் சேர்ந்து, 2.2 விழுக்காடாக இருக்க வேண்டிய சராசரி வளர்ச்சி, சுழிக்கும் கீழே 0.1 என்று இறங்கியிருந்தது. 2013இலே மாணவரும் ஆசிரியர் இருவரும் சேர்ந்து அதை வெளியிட்டனர். கூட்டல் பிழையை அந்தப் பேராசிரியர்கள் ஒப்புக்கொண்டனர், கொள்கையை விடவில்லை. அந்த வழக்கு நீளும். நமக்கு முக்கியம், அவர்கள் தாளைக் கொடுத்தார்கள் என்பது. துரோணர் வில்லையே பார்க்கவிடவில்லை.

இதைப் படித்ததும், ஆசிரியரை எதிர்ப்பதே ஆராய்ச்சி என்று சில இளைஞர்கள் துள்ளி எழக்கூடும். வேண்டாம். ஹெர்ண்டன் எதிர்க்கப் புறப்படவில்லை. கூட்டிப் பார்க்கப் புறப்பட்டார். கூட்டாமலே எதிர்ப்பவர், மண்ணுருவத்துக்கு மாலையிட்டவரின் உடன்பிறப்பே.

ஆசிரியர் எப்படியிருக்க வேண்டும் என்பதற்கு 1916இலிருந்து ஒரு காட்சி. கொலம்பியா பல்கலைக் கழகத்திலே மானிடவியல் அறிஞர் கோல்டன்வைசர் நடத்திய கருத்தரங்கம். மே 9ஆம் நாள் அங்கே எழுந்து கட்டுரை படித்தவர் மானிடவியல் மாணவர்கூட அல்லர், பொருளியல் பயில வந்தவர். சாதியின் தோற்றம் பற்றிச் செனார்ட், ரிஸ்லி முதலிய பெரும்பெயர்கள் எழுதிவைத்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்து, அகமணமுறையே சாதியின் உயிர்நாடி என்று நிலைநாட்டினார். வயது 25. பெயர் அம்பேத்கர். ‘உன் துறையல்லவே, உனக்கேன் இது?’ என்று வாயடைக்காமல் இடம் தந்தது அந்தக் கருத்தரங்கம். அடுத்த ஆண்டே கட்டுரை அச்சேறியது.

இங்கே? எந்தப் பல்கலைக் கழக விடுதிக்கும் மாலை நேரத்திலே போய் உட்காருங்கள். நெறியாளர் வீட்டுக்குக் காய்கறி வாங்கிய கதை, அவர் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்த கதை, தான் எழுதிய கட்டுரையிலே தன் பெயர் கடைசிக்குப் போன கதை, எல்லாம் கிடைக்கும். சொல்பவர் பெயரை மட்டும் கேட்காதீர்கள். ஏட்டுக்கும் அவர் கையொப்பம், உதவித்தொகைத் தாளுக்கும் அவர் கையொப்பம். இதற்குக் ‘குருபக்தி’ என்று பெயர் வேறு! நல்ல நெறியாளர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. நல்லவர் கிடைப்பது ஒருவரின் நற்பேறாக இருக்கும்வரை அது கல்வி முறையல்ல, குலுக்குச் சீட்டு.

ஆகவே நாம் ஒன்று கேட்கிறோம். ஒவ்வொரு துறையிலும் ஒரு பதிவேடு வைக்கட்டும். ஆய்வுக் கூடத்தில் அளந்ததோ, ஊரிலே கேட்டு எழுதியதோ, ஓலையிலே படித்துப் பெயர்த்ததோ, மாணவர் தாம் கண்டதைக் கண்டவாறே நாளிட்டு அதிலே சேர்க்கட்டும். யாரும் எடுத்துப் பார்க்கட்டும். அந்த ஒரு ஏட்டுக்கு மட்டும் நெறியாளர் கையொப்பம் வேண்டாம். செலவு மிகும் என்பார்கள். பட்டமளிப்பு விழாவுக்கு வாயிலிலே கட்டுகிறார்களே வரவேற்பு வளைவு, அதற்கு ஆகும் தொகை போதும்.