முற்றத்தில் நிற்கும் கார்

சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்வோர் பலர் திருத்தணியைக் கடந்து செல்கின்றனர். ஆடிக் கிருத்திகை நாள்களில் முருகன் குன்றை நோக்கிக் காவடிகள் திரளும். மற்ற நாள்களிலும் ஆந்திர எல்லையைத் தாண்டும் வாகனங்களுக்குக் குறைவில்லை. இத்தனை ஓட்டத்திற்கும் நடுவே, அவ்வூரின் உள்தெருக்களிலும் நம் ஊர்கள் பலவற்றிலும், உறை போர்த்தி நிற்கும் பழைய கார்களை நாம் காண்கிறோம். அத்தகைய ஒன்றை எண்ணிப் பார்ப்போம். தந்தை ஓய்வூதியப் பணத்தில் வாங்கிய மாருதி 800. ஞாயிறு திருப்பலிக்கும் அரக்கோணம் இரயில் நிலையத்திற்கும் மட்டுமே சென்று வந்தது. அவர் இறைவனடி சேர்ந்தபின் நின்ற இடத்திலேயே நிற்கிறது. வயதோ 20 ஆண்டு. ஓடியதோ 20,000 கிலோமீட்டர். இதை என்ன செய்வது என்னும் கேள்வி, பிள்ளைகள் ஒன்றுகூடும் போதெல்லாம் எழுந்து, விடையின்றி அடங்கிவிடுகிறது.

இது பணக் கணக்கு போலத் தோன்றினும், உண்மையில் மனச்சான்றின் கணக்கே ஆகும். உலகப் பொருள்கள் யாவும் மாந்தர் அனைவரின் நலனுக்காகவே படைக்கப்பட்டன என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் நமக்கு நினைவூட்டிற்று. உடைமை நம்முடையதாயினும் அதன் பயன் நம்மோடு நின்றுவிடலாகாது. தாலந்து உவமையில் கண்டனம் பெற்ற ஊழியன் திருடவில்லை, வீணடிக்கவுமில்லை, பெற்றதை அப்படியே திருப்பித் தந்தான். அதுவே அவன் குற்றமாயிற்று. அவன் புதைத்த வெள்ளியாவது கெடாமல் இருந்தது. நிறுத்தி வைத்த காரோ அப்படி இருப்பதில்லை. டயரின் ரப்பர் இறுகி வெடிப்புவிடும், பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும், பேட்டரி உயிரிழக்கும், பெட்ரோல் பசையாகப் படியும், எலிகள் மின்கம்பிகளைக் கடிக்கும். பாதுகாக்கிறோம் என்று நாம் எண்ணியிருக்க, பொருள் அழிந்துகொண்டிருக்கிறது.

எனவே விற்றுவிடலாம் என்று முடிவு செய்கிறோம். இங்கேதான் சோதனை தொடங்குகிறது. “அதிகம் ஓடாத வண்டி” என்று சொன்னால் விலை ஏறும். அச்சொல் பொய்யன்று; ஆயினும் முழு உண்மையும் அன்று. ஓடாமையாலேயே கெட்டுப்போன உறுப்புகளை அது மறைத்துவிடுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே புனித தோமா அக்குவினாஸ் இக்கேள்வியை ஆராய்ந்துள்ளார். அவர் காலத்து வாகனம் குதிரை. ஒற்றைக் கண் குதிரையின் குறை எவர் கண்ணுக்கும் தெரியும்; விலையை அதற்கேற்பக் குறைத்தால் போதும், வாய்திறந்து சொல்லக் கடமையில்லை. ஆனால் வாங்குபவருக்கு ஆபத்தோ இழப்போ விளைவிக்கும் மறைவான குறையைச் சொல்லியே தீரவேண்டும் என்பது அவர் முடிவு. நசுங்கிய கதவு ஒற்றைக் கண் போன்றது. பழுதுற்ற பிரேக்கோ மறைந்திருக்கும் நொண்டிக் கால். முன்னதை வாங்குபவர் தாமே பார்த்துக்கொள்வார். பின்னதைச் சொல்லாமல் விற்றால், அவர் குடும்பத்தின் உயிரோடு நாம் விளையாடுகிறோம்.

பணம் கைக்கு வந்ததோடு பொறுப்பு முடிந்துவிடுவதுமில்லை. நகரியிலிருந்து ஒருவர் வந்து வாங்கினால், வண்டி மாநில எல்லையைக் கடக்கிறது. தடையில்லாச் சான்று பெறவேண்டும், பதிவை மாற்றவேண்டும். “அவர் பார்த்துக்கொள்வார்” என்று கையொப்பமிட்ட தாள்களைக் கொடுத்துவிட்டு ஒதுங்குவோர் பலர். பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டிற்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. அறநெறி முன்னரே சொன்னதைச் சட்டமும் சொல்கிறது: கைகழுவுவதால் எவரும் குற்றமற்றவர் ஆகிவிடுவதில்லை. பிலாத்துவின் கதை நாம் அறியாததன்று.

விற்பதைவிடக் கொடுப்பது மேலன்றோ என்று சிலர் கேட்கலாம். மேல்தான், ஆனால் கொடையும் உண்மைக்கு உட்பட்டதே. குருடும் முடமுமான விலங்குகளைப் பலிபீடத்திற்குக் கொண்டுவந்தோரை இறைவாக்கினர் மலாக்கி கடிந்துகொண்டார். நமக்குத் தொல்லையாகிவிட்ட வண்டியைப் பங்கிற்கோ முதியோர் இல்லத்திற்கோ தள்ளிவிட்டு, அதன் பழுதுச் செலவையும் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணத்தையும் அவர்கள் தலையில் சுமத்துவது ஈகையாகாது. அந்தக் கட்டணமே 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது.

நல்ல கொடைக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1964 திசம்பரில் மும்பை நற்கருணை மாநாட்டிற்கு வந்த திருத்தந்தை ஆறாம் சின்னப்பர், தாம் பயன்படுத்திய வெள்ளை நிற லிங்கன் காரை அன்னை தெரேசாவிடம் விட்டுச் சென்றார். சில நாள்களே பயன்பட்ட கார் அது! அன்னையோ அதை நினைவுச் சின்னமாக நிறுத்தி வைக்கவில்லை. பரிசுச் சீட்டு நடத்தி, கிடைத்த பணத்தைத் தொழுநோயாளருக்கான சாந்தி நகர்ப் பணிக்குச் செலவிட்டார். திருத்தந்தை தந்தது என்பதற்காக அதைப் போற்றிப் பூட்டி வைத்திருந்தால் யார் குறை சொல்லியிருப்பர்? ஆனால் நோயுற்றோர் எவருக்கும் அதனால் பயன் விளைந்திராது.

தந்தையின் நினைவு என்பதே நம்மைத் தடுக்கும் இறுதிக் கட்டு. அதை நாம் இகழவேண்டியதில்லை. எனினும் அவரது அன்பு அந்த இரும்பில் தங்கியிருக்கவில்லை. அண்டை வீட்டு நோயாளியை நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஏற்றிச்சென்ற மனத்தில் அன்றோ இருந்தது!

ஆகவே முதலில் நேர்மையான மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் காட்டுவோம். பின்னர் நம்மையே ஒன்று கேட்போம்: நம் பிள்ளைகளை இதில் ஏற்றி மலைப்பாதையில் அனுப்புவோமா? அனுப்புவோம் எனில், ஓட்டுவோம், அல்லது குறைகளைச் சொல்லி விற்போம், அல்லது தேவையுள்ளவருக்குச் செம்மைப்படுத்திக் கொடுப்போம். அனுப்பமாட்டோம் எனில், செம்மைப்படுத்தவும் இயலாதெனில், 2021-க்குப் பின் ஏற்பட்டுள்ள பதிவுபெற்ற வாகன உடைப்பு மையத்தில் முறையாக ஒப்படைப்போம். பிறர் நமக்குச் செய்ய விரும்புவதையே பிறருக்கும் செய்யுமாறு ஆண்டவர் பணித்தார். அக்கட்டளை ஆலயத்திற்குள் மட்டுமன்று, பழைய கார் ஒன்றின் சாவியை மற்றொருவர் கையில் வைக்கும் அந்த நொடியிலும் நம்மோடு நிற்கிறது.