சௌகரியமும் சுமையும்

சௌகரியம் என்பது யாது? திருகினால் தண்ணீர், தட்டினால் வெளிச்சம், தள்ளினால் மறைந்துபோகும் கழிவு. இவையே சௌகரியம் என்பர் நம்மவருட் பலர். அத்தண்ணீர் எங்கிருந்து வந்தது, அவ்வெளிச்சத்திற்காக உழைத்தவர் யார், அக்கழிவை ஏந்தியவர் யார் என்று கேட்போர் மிகச் சிலரே. அவ்வாறு கேளாதிருப்பதுதான் சௌகரியத்தின் இலக்கணமோ? இதனை ஆராய்வதற்கு ஒரு சிறு வண்டியை எடுத்துக்கொள்வோம்.

காருக்குப் பின்னே பூட்டி இழுத்துச் செல்லும் கேரவன் என்னும் வண்டிவீடு மேனாடுகளில் பெருவழக்கு. ஊரார்க்குரிய மின்கம்பியும் நீர்க்குழாயும் இல்லாத காட்டிலோ கடற்கரையிலோ அதனை நிறுத்திச் சில நாட்கள் குடும்பத்தோடு இன்புற்றிருப்பர். அத்தகைய வண்டியொன்று தெலுக் இந்தானில் பேராக் ஆற்றங்கரையோரம் நிற்பதாகக் கொள்வோம். உள்ளே ஒரு மின்கலம்; 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி. ஈயத்தாலான கலமாயின், பாதிக்குமேல் வடித்தால் அதன் ஆயுள் குறையும். ஆகவே கையாளத்தக்கது ஏறக்குறைய 600 வாட்-மணியே. 25 வாட் விசிறி இரவு 8 மணி நேரம் சுழன்றால் 200 செலவு. 5 வாட் விளக்குகள் மூன்று 4 மணி நேரம் எரிந்தால் 60 செலவு. குடும்பம் நிம்மதியாக உறங்கலாம். ஆனால் 800 வாட் இழுக்கும் குளிர்சாதனத்தை முடுக்கினாலோ, முக்கால் மணி நேரத்தில் அத்தனையும் தீர்ந்துவிடும்! கூரைமீதுள்ள 100 வாட் சூரியத் தகடு, நல்ல வெயிலில் நாளொன்றுக்கு 300 முதல் 400 வாட்-மணி வரை ஈட்டித் தரும். மழைநாளில் அதுவும் குறையும். வண்டி குளிர்ந்திருக்க மரநிழல் வேண்டும்; தகட்டுக்கோ வெயில் வேண்டும். ஆதலால் அறிந்தோர் வண்டியை நிழலில் நிறுத்தி, நீண்ட கம்பியிட்டுத் தகட்டை வெயிலில் வைப்பர். காற்றோட்டத்திற்கு எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து கொசுவலை கட்டுவர்.

தண்ணீரின் கதையும் இதுவே. நம் நாட்டில் ஒருவர் வீட்டில் நாளொன்றுக்குச் செலவிடுவது 200 லிட்டருக்கும் மேல். வண்டியின் தொட்டியோ 100 லிட்டர், இருப்பவரோ நால்வர். வீட்டில் புழங்குவதுபோல் புழங்கினால் காலைக் குளியலோடு தொட்டி வறண்டுவிடும். சமையலுக்கு இவ்வளவு, குடிக்க இவ்வளவு, துடைத்துக் குளிக்க இவ்வளவு என்று வகுத்துக்கொண்டால் இரண்டு மூன்று நாட்கள் தாங்கும். வீட்டில் நமக்குத் தெரியாத கணக்கு வண்டியில் கண்முன் நிற்கின்றது. எண்ணி வாழ்வது துன்பமன்று, எண்ணியும் இன்பமாக வாழலாம் என்பது அவ்வண்டி புகட்டும் முதற்பாடம்.

இரண்டாவது பாடம் இதனினும் பெரிது. உல்லாசப் பயணத்திற்கென்றே வண்டிவீடு செய்வித்தவருள் முன்னோடி, கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். கடற்படையில் மருத்துவராயிருந்து எழுத்தாளரானவர். 1885இல் பிரிஸ்டல் நகரில் தமக்கெனச் செய்வித்த 'வாண்டரர்' என்னும் வண்டியில் தென் இங்கிலாந்திலிருந்து இன்வர்னஸ் வரை சென்று, அப்பயணத்தை நூலாகவும் எழுதினார். சுதந்திர வாழ்வென்று உலகம் அதனைப் போற்றிற்று. அச்சுதந்திரத்தை இழுத்தவை இரண்டு குதிரைகள். ஓட்டியவன் ஒரு வண்டிக்காரன். எதிர்வரும் வண்டிகளை எச்சரிப்பதற்காக மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னே சென்றவன் ஒரு பணியாள். ஒருவருடைய சுதந்திரத்திற்கு இருவர் ஊழியம்! இஃது அக்காலத்துச் செல்வரின் இயல்பென்று நாம் விட்டுவிடலாம். ஆனால் சுமையைப் பிறர் தோளில் வைத்துவிட்டு, 'நான் எளிமையாக வாழ்கிறேன்' என்று சொல்வது இன்றும் ஒழிந்தபாடில்லை.

இக்காலத்து வண்டிவீட்டிற்கு ஏவலாள் இல்லை. நீரைச் சுமந்து நிரப்புபவர் அதன் உடையவரே. மலத்தொட்டியை வெளியே இழுத்து, அதற்குரிய இடத்திற்குக் கொண்டுசென்று, கொட்டிக் கழுவுபவரும் அவரே. டாக்டராயினும் வக்கீலாயினும், தம் கழிவைத் தாமே சுமக்க வேண்டும். நேயர்களே, இதனைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். அத்தொழிலைப் பிறப்பின்பேரில் ஒரு கூட்டத்தார் தலையில் ஏற்றி, பின் அதே காரணம் காட்டி அவர்களைத் தீண்டாதவராக்கிய சமுதாயமன்றோ நம்முடையது! மனிதமலத்தை மனிதன் சுமப்பதைத் தடுக்க இந்தியாவில் 1993இல் ஒரு சட்டமும், அது போதாமல் 2013இல் மற்றொரு சட்டமும் இயற்ற வேண்டியதாயிற்று. மலாயாவிலும் நகர்களின் வாளிக் கழிப்பிடங்களைத் துப்புரவு செய்ய அமர்த்தப்பட்டவருள் நம் இனத்து ஒடுக்கப்பட்டோர் பலர். எந்தச் சாத்திரமும் கற்பிக்காத அறத்தை ஒரு வண்டியின் தொட்டி கற்பிக்கின்றது: உன் சௌகரியத்தின் அழுக்கு உன்னுடையது.

இனி, மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும். கம்பியும் குழாயுமின்றி வாழ்வது அவ்வளவு மேன்மையெனின், நம் தோட்டத்து மக்கள் அம்மேன்மையைப் பல தலைமுறை அனுபவித்தவர்களே! வரிசை வரிசையான லயம், பலருக்கு ஒரு பொதுக்குழாய், மண்ணெண்ணெய் விளக்கு, மின்சாரம் உண்டெனில் தோட்டத்து எஞ்சின் ஓடும் சில மணி நேரத்திற்கு மட்டும். விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டிய தாய், தண்ணீருக்காக அதற்கும் முன்னே எழுந்தாள். அவளும் எண்ணித்தான் செலவிட்டாள். ஆயின் வண்டிவீட்டார் மூன்றாம் நாள் தம் வீடு திரும்புவர்; அவளுக்குத் திரும்பிச் செல்ல வேறு வீடு இல்லை. விரும்பி ஏற்பது எளிமை. வேறு வழியின்றிச் சுமப்பது வறுமை. இரண்டையும் ஒன்றாகக் காட்டி, 'உள்ளதைக் கொண்டு திருப்தியடை' என்று ஏழைக்கு உபதேசிப்பவர் புராணிகராயினும் முதலாளியாயினும் நம்பத்தக்கவரல்லர். அவ்வுபதேசம் மட்டும் நிலைத்திருந்தால், தொழிலாளர் குடியிருப்பில் குழாய்நீரும் மின்சாரமும் முதலாளியின் கடமை என்று கூறும் 1990ஆம் ஆண்டுச் சட்டம் வந்திராது; அதற்கு முற்பட்ட 1966ஆம் ஆண்டுச் சட்டமும் வந்திராது.

ஆயின், பொதுக்குழாய் வந்தபின் கணக்கு வேண்டாமா? வேண்டும் என்பதே நம் முடிவு. இவ்வூர்ச் சாய்ந்த கோபுரத்தை அறியாதார் இல்லை. கார்டன் ஸ்டேபிள்ஸ் தமக்கென வண்டி செய்வித்த அதே 1885இல், லியோங் சூன் சோங் என்னும் சீனர் அதனைக் கட்டினார். அன்று தெலுக் ஆன்சன் எனப்பட்ட இவ்வூர், 1982இல்தான் இன்றைய பெயர் பெற்றது. மணி காட்டும் அக்கோபுரத்தினுள் ஊராருக்கான நீர்த்தொட்டியும் இருந்தது. கீழேயுள்ள மென்மண் அச்சுமையைத் தாங்காமையால் கோபுரம் சாய்ந்தது என்பர். ஊருக்காகச் சுமந்ததனால் வந்த சாய்வு அது! ஒருவர் தமக்கெனத் தொட்டி கட்டிக்கொண்டு ஊரை மறப்பதினும், ஊருக்கெல்லாம் ஒரு தொட்டி கட்டுவதே மேலான அறம். அதே வேளையில், ஊர்த்தொட்டி கண்ணுக்கு மறைவானது என்பதால் அளவின்றி இறைப்பவர், அடுத்தவர் குடத்திலிருந்தே இறைக்கிறார்.

ஆகவே, வசதியுள்ளோர் ஆண்டுக்குச் சில நாளேனும் எண்ணி வாழ்ந்து பார்க்கட்டும். வண்டி வேண்டுமென்பதில்லை, வீட்டிலேயே அது கூடும். தம் அழுக்கைத் தாமே கழுவட்டும். ஆனால் நீரும் விளக்கும் இல்லாத ஒரு வீடு நம்மிடையே உள்ளவரை, எளிமையின் பெருமையை அவ்வீட்டு வாசலில் நின்று பேசாதிருப்போமாக. அங்கே பேச வேண்டியது உரிமை. எளிமையைப் பற்றிய பேச்சு நம் வீட்டுக்குரியது.