சயாம் ரயிலும் சிங்கப்பூர்த் தீர்ப்பும்

தளபதிக்குப் பத்து ஆண்டுச் சிறை. அவரோடு கூண்டில் நின்ற இரண்டு கர்னல்களுக்குத் தூக்கு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய ராணுவம் போட்ட சயாம் மரண ரயில்பாதையின் கொடுமைகளுக்காக 1946 அக்டோபரில் சிங்கப்பூரில் தொடங்கிய போர்க்குற்ற விசாரணையின் வரலாற்றைப் படிப்பவருக்கு இந்த இடத்தில் கோபம் வரும். மேலே இருந்த தளபதி இஷிடா எய்குமா தப்பித்துக்கொண்டார், கர்னல்கள் நகமுராவும் இஷீயும் மாட்டிக்கொண்டார்கள் என்றுதான் தோன்றும். நூலாசிரியரோ குரலை உயர்த்தாமல், எதிர்த்தரப்பு வாதத்தையும் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு போகிறார். கொலைகாரனுக்கு வக்காலத்தா என்று வாசகர் புத்தகத்தை மூடிவைக்கிறார்.

இந்தக் கோபத்தில் பாதி நியாயமில்லை. இஷிடா கட்டுமானப் பொறுப்பை ஏற்றது 1943 ஆகஸ்டில். பாதையின் இரு முனைகளும் கொன்கொய்தாவில் சேர்ந்தது அக்டோபர் 17இல். காலராவில் ஆட்கள் கொத்துக்கொத்தாகச் செத்தது அதற்கு முந்தைய மே, ஜூன் மாதங்களில். யார், எப்போது, எதற்குப் பொறுப்பு என்று பிரித்துப் பார்ப்பதற்குத்தான் விசாரணை. அதை எழுதாமல் விட்டால் வரலாறு வசைபாட்டாகிவிடும். பத்து ஆண்டு போதுமா என்ற கேள்வி அப்போதும் மிச்சமிருக்கும். ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியது தீர்ப்பளித்தவர்கள், புத்தகம் எழுதியவர் அல்ல.

மறுபாதி வேறு வகை. 415 கிலோமீட்டர் பாதையில் வேலை செய்த போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல். இறந்தவர்கள் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளர்களோ சுமார் 1,80,000 பேர். அவர்களில் 90,000 பேர் வரை மாண்டிருக்கலாம் என்பது அடிக்கடி சொல்லப்படும் மதிப்பீடு. மலேயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பங்கு பால்மரக்காட்டுத் தமிழர்கள். அந்தத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்த மாவட்டங்களில் திருச்சி, தஞ்சை, ஆர்க்காட்டோடு சேலமும் உண்டு. மழை பொய்த்தால் மானாவாரிக்காரனுக்குக் கடல் கடப்பதும் ஒரு வழி.

ஜப்பானியர்கள் தோட்டங்களில் ஆள் பிடித்தபோது, ரயில்பாதை வேலைக்கு நல்ல சம்பளம், சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். ஆள் போதாமல் போனபோது, இலவசப் படம் என்று கொட்டகைக்கு அழைத்துக் கதவைச் சாத்தி லாரியில் ஏற்றியதும் உண்டு. போர்க்கைதி முகாமில் ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சு, நோயாளியைத் தனியே வை என்று உத்தரவிட அதிகாரிகள் இருந்தார்கள். கூலிகளின் கொட்டகைகளில் பெரும்பாலும் அப்படி யாருமில்லை. ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடித்தார்கள். வாந்திபேதி வந்தவர் பக்கத்திலேயே படுத்தார்கள்.

நீதிமன்றத்திலும் இதே ஏற்றத்தாழ்வுதான். போர்க்கைதிகளிடம் நாட்குறிப்பு இருந்தது, பெயர்ப்பட்டியல் இருந்தது, சாட்சிக்கு வர அதிகாரிகள் இருந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களுக்கு நடந்ததும் சில வழக்குகளில் விசாரிக்கப்பட்டது என்றாலும், தோட்டத்துக்குத் திரும்பிய கூலியைத் தேடிப்போய் வாக்குமூலம் வாங்குவது பெரும்பாலும் நடக்கவில்லை. தாய்லாந்தின் காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. தமிழர்கள் போனதோ கூட்டுக்குழிகளுக்கு.

கோப்பில் இல்லாததை நான் எப்படி எழுதுவது என்று வரலாற்றாசிரியர் கேட்கலாம். இஷிடாவின் குற்றம் எவ்வளவு என்பதற்கு அவர் கோப்புக்குக் கட்டுப்பட்டவர்தான். இல்லாத சாட்சியை உண்டாக்கினால் அது இன்னொரு அநியாயம். ஆனால் பாதையில் நடந்த கொடுமை எவ்வளவு என்பதற்கும் அதே கோப்பையே எல்லையாக வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை. எத்தனை ஆயிரம் பேரிடம் யாருமே விசாரிக்கவில்லை என்பதும் அந்த விசாரணையின் வரலாறுதான். தமிழில் தேடியிருந்தால் தடம் கிடைத்திருக்கும்: மலேசியாவில் ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் இதை நாவல்களாகவே எழுதியிருக்கிறார்கள்.

குற்றச்சாட்டு தமிழ்நாட்டின் பக்கமும் திரும்புகிறது. 'மலேயாவுக்குப் போனவர், சேதி இல்லை' என்பதோடு பல குடும்பங்களில் பேச்சு முடிந்துபோனது. நாகப்பட்டினம், ஆவடி முகாம்கள் வழியாகக் கப்பலேறியவர்களில் சேலத்துக்காரர் எத்தனை பேர் திரும்பவில்லை என்று ஊர் ஊராகப் போய் விசாரிக்கச் சிங்கப்பூர் நீதிமன்றத்தின் அனுமதி தேவையில்லை. பேரன்களுக்கு இப்போது எழுபது வயதாகிறது.